இரண்டு குதிரை ஏர்கான்

பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தைய வெயிலில் எங்கள் வீட்டு ஏர்கான், அதாவது ஏசி, நின்றுபோனது. ஜப்பானில் யாரோ உபயோகித்துக் கழித்து, கப்பலில் வந்து, ரங்கூன் கடை ஒன்றில் துடைத்து வைக்கப்பட்டிருந்த பெட்டி அது. பல வருஷம் உழைத்தது. கடைசியில் கொஞ்ச நாள் மாவரைப்பது போல ஒரு சத்தம் போட்டது. பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

நான் இருப்பது ரங்கூனில் அலோன் பகுதியில், ஆற்றோரக் கிடங்குகளுக்குப் பின்னால் உள்ள ஒரு தெருவில், மாடிக் கட்டடத்தின் உச்சித் தளத்தில். இந்த ஊர் வீடுகள் ரயில் பெட்டி மாதிரி. முன்னால் தெருவைப் பார்த்து ஒரு பலகணி, பின்னால் அடுப்படி, நடுவே நீளமாக ஒரே கூடம். கூடத்தில் பலகை அடித்து ஒரு பகுதியைத் தடுத்துக்கொண்டால் அதுதான் படுக்கையறை. அந்தத் தடுப்பு மேலே முட்டாது. காற்று போகட்டும் என்று ஒரு முழம் விட்டுத்தான் எல்லோரும் அடிப்பார்கள். எங்கள் தலைக்கு மேல் தகரக் கூரை. மேற்குப் பக்கத்துக் கட்டடம் தாழ்ந்தது என்பதால் மத்தியானம் முதல் சூரியன் இறங்கும்வரை எங்கள் சுவர்தான் வெயிலை வாங்கும். சாயங்காலம் அதில் கை வைத்தால் தோசைக்கல் நினைவு வரும்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நானும் என் மனைவியும்தான். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு நெஞ்சு பலவீனமாகிவிட்டது. சூட்டில் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏர்கான் நின்ற அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் அவள் அடுப்படியில் மயங்கி விழுந்தாள். நான் வேலையில் இருந்தேன். எதிர்வீட்டுப் பெண் பார்த்து முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பி உட்கார வைத்தாளாம். செய்தி தெரிந்ததும் மாவ்பியிலிருந்து அவளுடைய அக்கா, எனக்கு மதினி, பஸ் பிடித்து வந்துவிட்டார். நகரத்துக்கு வெளியே இருக்கும் மாவ்பியில் அவர்களுக்குத் தோட்டம் சூழ்ந்த மரவீடு. மாமரமும் பலாமரமும் கூரைமேல் கவிந்திருக்கும்.

மதினி துணிகளைப் பையில் திணித்துக்கொண்டே, "மாப்ள, ஒங்கள ஒண்ணும் சொல்லல. ஆனா இந்த அடுப்புக்குள்ள இவள விட்டுட்டுப் போனா எனக்குச் சோறு எறங்காது" என்றார்.

நான் பையை வாங்கிக்கொண்டு முன்னால் இறங்கினேன். பாதிப் படியில் மூச்சு வாங்கி நின்ற என் மனைவி, "ஏர்கான சரி பண்ணிட்டுச் சொல்லுங்க. அன்னைக்கே வந்துடறேன்" என்றாள்.

அந்த வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். ஏர்கான் வந்தால் அவள் வருவாள். இரண்டையும் நான் ஒன்றாகவே நினைத்திருந்தேன்.

எனக்கு ஆற்றோரத்தில் ஒரு பயறுக் கிடங்கில் காவலும் மேற்பார்வையும். உளுந்தும் பாசிப்பயறும் கப்பலுக்குப் போகும்வரை அங்கே அடுக்கியிருக்கும். நாலு வகுப்போடு படிப்பு நின்றவனுக்கு அது நல்ல வேலைதான். பேச வேண்டிய தேவை அதிகம் இல்லை. நான் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தேநீர்க் கடையில்கூட யாராவது முன்னால் சொல்லட்டும், அதையே நானும் கேட்டுக்கொள்ளலாம் என்று காத்திருப்பேன். அவள் போன பிறகு வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கவே சந்தர்ப்பம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுப் பெண் ஏதோ கேட்டபோது என் தொண்டையிலிருந்து கரகரப்புதான் வந்தது. அன்றைக்கு நான் பேசிய முதல் பேச்சு அது.

புதிதாக ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன். எது வாங்குவது என்றுதான் தெரியவில்லை. இங்கே ஏர்கானின் பலத்தைக் குதிரைக் கணக்கில் சொல்வார்கள். முக்கால் குதிரை, ஒரு குதிரை, ஒன்றரை, இரண்டு. பழைய பெட்டி எத்தனை குதிரை என்று நான் பார்த்ததில்லை. ஒட்டியிருந்த தாளில் எல்லாம் ஜப்பான் எழுத்து.

தரைத்தளத்தில் வெற்றிலைக் கடை வைத்திருப்பவர் எங்கள் தமிழ் ஆள். நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் இந்தக் கட்டடத்தில் யார் வீட்டில் எது கெட்டுப்போனாலும் அவருக்குத் தெரிந்துவிடும். அவரே கூப்பிட்டார்.

"ஒரு குதிரயா வாங்கப் போற? மச்சான், விளக்கு இருக்கறதே கொஞ்ச நேரம். ஒரு குதிர எந்திரிச்சு சோம்பல் முறிக்கறதுக்குள்ள விளக்கு போயிடும். ரெண்டு குதிர வாங்கு. விளக்கு இருக்கும்போதே குளிர ரொப்பி வச்சுக்க. போனப்புறம் வச்சு வச்சு அனுபவி."

விளக்கு என்று இங்கே சொல்வது மின்சாரத்தை. அது முறை வைத்து வரும், முறை தவறியும் வரும். வந்ததும் தெருப் பிள்ளைகள் "மீ லாபி" என்று கத்துவார்கள். பர்மியத்தில் விளக்கு வந்துவிட்டது என்று பொருள். உடனே கட்டடம் முழுக்க ஓட்டம் ஆரம்பிக்கும். மோட்டாரைப் போட்டுத் தொட்டியை ரொப்புவார்கள், சோற்றுப் பானையைச் செருகுவார்கள், பாட்டரியை ஏற்றுவார்கள், சட்டை தேய்ப்பார்கள். வரும்போது ரொப்பிக்கொள்வது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. குளிரையும் அப்படி ரொப்பலாம் என்று அவர் சொன்னபோது அதில் தப்பாக எதுவும் தோன்றவில்லை. மாடிப்படியில் பார்த்த எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

கடையில் விற்பனைப் பையன் அறையின் நீள அகலம் கேட்டான். படுக்கையறை அளவைச் சொல்வதா, கூடம் முழுவதையும் சொல்வதா என்று குழம்பினேன். தடுப்புக்கு மேலே திறந்துதானே இருக்கிறது. அதை விளக்கிச் சொல்லக் கூச்சமாக இருந்தது. பின்னால் வேறு ஆட்கள் நின்றார்கள். கூடத்தின் முழு நீளத்தைச் சொன்னேன். அப்படியென்றால் இரண்டு குதிரைதான் என்றான். வெற்றிலைக் கடைக்காரர் சொன்னதும் அதுவே. எனக்கு நிம்மதியாகிவிட்டது.

பொருத்த வந்தவர்கள் புருஷன் பெண்டாட்டி. அவர் பர்மியர். அந்தம்மா ஆற்றுக்கு அக்கரை, டாலாவில் பிறந்த தமிழ்ப் பெண். அவர் வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டு துளை போட, இவர் இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு உள்ளே காலை ஊன்றி நின்றார். இருவரும் ஓயாமல் பர்மியத்தில் சண்டை போட்டார்கள். திருகு சாவியைத் தப்பாகக் கொடுத்ததற்கு ஒரு சண்டை. கயிற்றைத் தளர்த்தியதற்கு ஒன்று. போன வாரம் எதையோ வாங்க மறந்ததற்கு ஒன்று. அந்த அறையில் அவ்வளவு குரல் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. நான் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெட்டியை மாட்டும்போது அந்தம்மா அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் தமிழில், "அண்ணே, இங்க யாரு படுக்கறது?" என்று கேட்டார்.

"நானும் வீட்டுக்காரியும். ஊருக்குப் போயிருக்கு. வந்துடும்."

"ரெண்டு பேருக்கா இது? எரும மாட்ட பூட்டி பொம்ம வண்டி இழுக்கற மாதிரில்ல இருக்கு."

அவர் புருஷன் வெளியிலிருந்து என்ன என்று கேட்டார். இவர் பர்மியத்தில் சொல்ல, அவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். மாற்றிக்கொள்ளலாமா என்று அப்போதே கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. போடுங்கள் என்று கையால் காட்டினேன்.

அன்றே மாவ்பிக்குப் போன் செய்தேன். ஆனாலும் அவள் வந்து சேர்ந்தது முதல் மழை விழுந்த பிறகுதான்.

விளக்கு வந்ததும் நான்தான் ஏர்கானைப் போட்டேன். அது உறுமிக்கொண்டு எழுந்தது. கூடத்து விளக்கு ஒரு நொடி மங்கி மறுபடி தெளிந்தது. கண்மூடித் திறப்பதற்குள் அறை சில்லென்று ஆகிவிட்டது. அவள் கட்டிலில் உட்கார்ந்து, "ஐஸ் கம்பெனி மாதிரி இருக்கே" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பெட்டி தானாக நின்றது. போதுமான குளிர் வந்துவிட்டது, இனி ஓட வேண்டியதில்லை என்று அது நின்றுகொள்கிறது என்பது எனக்குத் தெரியும். சற்று நேரம் கழித்து மறுபடி உறுமியது, விளக்கு மங்கியது, மறுபடி நின்றது. இப்படியே போனது. கீழ்வீட்டுக்காரர் தன் மின்விசிறி அப்போதெல்லாம் இருமுகிறது என்று ஒருநாள் படியில் சொன்னார்.

அது மழைக்காலம். ரங்கூன் மழை நிற்காமல் பெய்யும். காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். சில நாளில் தலையணை நனைந்த மாதிரி ஆனது. பாயைத் தொட்டால் மீனைத் தொட்டதுபோல வழுவழுத்தது. அலமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் பூசணம் படர்ந்தது. விளக்கு போய்ப் பெட்டி நின்றதும், தடுப்புக்கு மேலே இருந்த வழியாக வெளிக்காற்று உள்ளே வந்து எல்லாவற்றின் மீதும் உட்கார்ந்தது. நான் ரொப்பி வைத்ததாக நினைத்த குளிர் எங்கே போனது என்றே தெரியவில்லை. அவளுக்கு இருமல் வந்தது. இருமிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. இன்னும் குளிர் போதவில்லையோ என்று ரிமோட்டில் சூட்டின் எண்ணைத்தான் குறைத்து வைத்தேன்.

ஒரு விடியற்காலையில் பார்த்தால் பக்கத்தில் அவள் இல்லை. வெளியே கூடத்தில், ஜன்னலோரம் வெறும் தரையில் படுத்திருந்தாள். நான் வந்து நின்றதும் கண்ணைத் திறந்தாள்.

"உள்ள ஜில்லுன்னுதான் இருக்கு. ஆனா ஈரத்துணியப் போத்திக்கிட்டுப் படுத்த மாதிரி இருக்குங்க. மூச்சு விட முடியல."

"அணச்சிடவா?"

"அணச்சா வேகுதே."

அந்த வாரமே மதினி மறுபடி வந்தார். இந்தத் தடவை பையை அவரே தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினார். குளிர்காலத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு என் மனைவி போனாள்.

பெட்டிதான் பழுது என்று நினைத்தேன். கடையில் போய்ச் சொல்லக் கூச்சப்பட்டு நாளைத் தள்ளினேன். அந்த நேரத்தில் கிடங்கில் ஒருநாள் புதிதாகச் சேர்ந்த கூலியாள் ஒருவர், புழுக்கம் தாங்காமல் ஆற்றுப் பக்கத்துப் பெரிய கதவைத் திறந்து வைத்துவிட்டார். மழைக்காற்று குளுகுளுவென்று உள்ளே வந்தது. நான் ஓடிப்போய்ச் சாத்தினேன். அவர் முகம் சுளித்தார். அதிகம் பேசாத நானே அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது: பயறுக்குச் சூடு பரவாயில்லை, ஈரம்தான் ஆகாது. ஈரம் ஏறினால் மூட்டைக்குள்ளேயே முளைத்துவிடும், பூசணம் பிடித்துவிடும். ஒரு மூட்டையைக் குத்தி உளுந்தை எடுத்துக் கடித்துக் காட்டினேன். காய்ந்த உளுந்து பல்லில் 'டக்'கென்று உடையும்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு வீட்டுத் தலையணை ஞாபகம் வந்தது. வருஷக்கணக்காக இதே வேலையைச் செய்கிறேன். வீட்டில் எனக்குக் குளிர் மட்டுமே கண்ணில் பட்டிருக்கிறது.

மழை விட்டபின் அந்த டாலாக்காரம்மாவையும் அவர் புருஷனையும் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அந்தம்மா, நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்பதுபோல் புருஷனைப் பார்த்தார். அவர் நீதான் எப்போதும் சொல்கிறாயே என்பதுபோல் தலையைச் சொறிந்தார். பெரிய பெட்டி சீக்கிரம் குளிராக்கிவிட்டு நின்றுவிடுகிறது, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்ச அதற்கு நேரமே கிடைப்பதில்லை என்று விளக்கினார்கள். ஈரம் போக வேண்டுமானால் பெட்டி நிதானமாக நெடுநேரம் ஓட வேண்டும். அதற்கு அறைக்கு ஏற்ற பெட்டி வேண்டும்.

"விளக்கு இருக்கும்போது ரொப்பிக்கலாம்னு சொன்னாங்களே" என்றேன்.

"யாரு, கீழ வெத்தல மடிக்கற மாமாவா? அவரு சொல்லி இந்தத் தெருவுல பாதிப் பேரு ரெண்டு குதிர வாங்கியிருக்காங்க. எங்களுக்கு அவரு நல்ல மனுஷன், வேல குறையாம பாத்துக்கறாரு" என்று அந்தம்மா சிரித்தார். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "குளிர ரொப்பி வைக்க முடியாதுண்ணே. சூடு வராம வேணா தடுத்து வைக்கலாம்."

அன்று அவர்கள் வெகுநேரம் இருந்தார்கள். முதலில் தகரக் கூரையைத் தட்டிப் பார்த்தார்கள். பிறகு மேற்குச் சுவரின் முன்னே மாலைவரை உட்கார்ந்து, எப்போது சூடேறுகிறது என்று கை வைத்துக் கை வைத்துப் பார்த்தார்கள். ஜன்னல் இடுக்கில் ஊதுவத்திப் புகையைக் காட்டினார்கள். படுக்கையறையை மட்டும் தனியாக அளந்தார்கள். சமைக்கும்போது அடுப்படிச் சூடு எந்தப் பக்கம் போகிறது, அறைக்குள் பல்பு, டிவி என்று சூடாகும் பொருள் என்ன இருக்கிறது, விளக்கு எந்த நேரங்களில் வருகிறது என்றெல்லாம் அந்தம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். கேள்வி நேராக இருந்தால் எனக்குப் பேச வருகிறது என்று அன்றுதான் தெரிந்தது. தேநீர் வாங்கி வந்தேன். அவர்கள் போனபோது இன்னும் ஏதாவது கேட்க மாட்டார்களா என்று இருந்தது.

தகரத்துக்கு அடியில் தெர்மோகோல் பலகை அடித்தார்கள். தடுப்புக்கு மேலே இருந்த முழ இடைவெளியைப் பலகை வைத்து மூடினார்கள். மேற்குச் சுவருக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கியது. இவ்வளவும் செய்த பிறகு ஒரு குதிரையே போதும் என்றார்கள். அதிலும் ஓடி ஓடி நிற்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு ஓடும் வகை. பெரிய பெட்டியை ஒரு தையற்கூடத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கே நிறைய மிஷின், நிறைய ஆள். அதற்கு அங்கே வேலை இருந்தது.

குளிர்காலத்தில் என் மனைவி வரவில்லை. மாவ்பிச் சந்தையில் மதினி காய்கறிக் கடை போட்டிருந்தார். இவளும் அதில் உட்கார ஆரம்பித்திருந்தாள். தோட்டத்துச் சுரைக்காயும் பீர்க்கங்காயும் நன்றாகப் போகிறது என்றாள். உடம்பு தேறியிருப்பது குரலிலேயே தெரிந்தது. மாசியில் வெயில் ஏறத் தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை வந்தாள்.

அறையில் நுழைந்து மேலே பார்த்தாள். மூடிய இடைவெளியைப் பார்த்தாள். விளக்கு வந்ததும் பெட்டியைப் போட்டேன். அது ஓடுகிறதா என்று அவள் என்னைத்தான் பார்த்தாள். மெதுவாகக் குளிர்ந்தது. படுக்கை விரிப்பு காய்ந்த துணி மாதிரி மொரமொரவென்றே இருந்தது. விளக்கு போன பிறகும் அறை உடனே சுடவில்லை. அவள் இருமவில்லை. ஒருக்களித்துப் படுத்து, விடியும்வரை புரளாமல் தூங்கினாள்.

காலையில் நான் தேநீர் வைத்துக் கொடுத்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து தலைமுடியை முடிந்துகொண்டிருந்தாள். எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று அதுவரை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன்.

"இனிமே இங்கயே இருந்துடலாமே."

அவள் கொண்டையைச் செருகிவிட்டுத் தேநீரை எடுத்தாள். குவளையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் தூங்குனேன். பொய் சொல்லக் கூடாது. ஆனா அங்க அக்கா கண்ணு முழிச்சதுலேருந்து ஏதாவது சொல்லிக்கிட்டே கெடக்கும். சந்தைக்குப் போனா நாலு பேரு. தலவலிதான், ஆனா பழகிடுச்சு." பெட்டியை அண்ணாந்து பார்த்தாள். "இங்க இது ஓடுற சத்தம்கூடக் கேக்கல. முன்னது உறுமிக்கிட்டாவது இருந்துச்சு."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. சுரைக்காய் பிஞ்சா முற்றலா என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. ஏன் சத்தம் கேட்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். தகரத்தில் ஆரம்பித்து, மேற்குச் சுவர், ஊதுவத்திப் புகை, உளுந்து, எருமை மாடு, சண்டை போட்டுக்கொண்டே வேலை செய்த புருஷன் பெண்டாட்டி என்று எல்லாம் வந்துவிட்டது. அவள் தேநீரைக் குடிக்காமல் கேட்டாள். நடுவில் ஒரு தடவை சிரித்து, "நீங்களா இது? போன மாசமெல்லாம் போன்ல 'சாப்புட்டியா'வோட நின்னுடுவீங்களே" என்றாள். இருவரும் சேர்ந்து மத்தியானச் சோறு ஆக்கினோம். அப்போதும் கொஞ்சம் பேசினேன். பிறகு சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஏர்கானைப் பற்றி ஒரு மனிதன் எவ்வளவுதான் பேச முடியும்.

திங்கட்கிழமை அதிகாலைக்குக் கடைக்குக் காய் வரும் என்று ஞாயிறு சாயங்காலமே புறப்பட்டாள். அக்காவால் தனியாகத் தூக்கி வைக்க முடியாது. மாதத்துக்கு ஒருமுறை வருகிறேன், வெயில் அதிகமானால் அடிக்கடி வருகிறேன் என்றாள். நான் சரி என்றேன். நீங்களும் அங்கே வந்துவிடுங்கள் என்று அவள் சொல்லவில்லை. கிடங்கு வேலையை விட்டு நான் வரமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். பஸ் நிறுத்தத்தில் கூட்டம் இருந்தது. அவள் உள்ளே போய் ஜன்னலோரம் இடம் பிடித்து, என்னைக் கைகாட்டிக் கிட்டே கூப்பிட்டாள்.

"எனக்குன்னு அந்த அறைய மூடி வைக்காதீங்க. நீங்க படுங்க. சுவரு ஓரமா படுத்தா வெயிலு தெரியுது, இந்தப் பக்கம் தள்ளிப் படுங்க."

பஸ் கிளம்பிவிட்டது. நான் தலையை ஆட்டினேன். அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை.

அவள் சொன்னபடிதான் செய்கிறேன். சுவரிலிருந்து தள்ளி, அவள் படுக்கும் பக்கத்தில் படுக்கிறேன். விளக்கு வந்தால் பெட்டியைப் போடுகிறேன். அந்தப் புருஷன் பெண்டாட்டி கணக்குப் போட்டது இரண்டு பேருக்கு. ஒரு உடம்பின் சூடு குறைவதால் அறை கொஞ்சம் சீக்கிரமாகவே குளிர்ந்துவிடுகிறது. எழுந்து ரிமோட்டில் எண்ணைக் கூட்டி வைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறேன்.